ஒப்பீட்டுக்கான ரத்தம்

பினார் தெல் ரியோ, தொண்ணூற்று மூன்று, ஏப்ரல்.
பதினொன்றுக்குப் போன மின்சாரம்
மூன்றரைக்கு வந்தது.
அதற்குள் ஐஸ் உருகி, குழாய்களில் ஒட்டிய
மைப் பெயர்கள் ஊறிக் கலைந்துவிட்டன.
பென்சிலில் எழுதியவை பிழைத்தன.

பிழைத்தவற்றில் ஒன்று லியோவிஹில்தோ.
புகையிலை தரம் பிரிப்பவர், இருபத்தொன்பது வருடம்.
பழுப்பு என்று நாம் சொல்லிவிட்டுப் போவதை
அறுபதுக்கு மேல் பிரித்து அடுக்குவார்.
குதிரை முதுகு வேறு, நனைந்த குதிரை முதுகு வேறு.
பிப்ரவரியில் ஒரு காலை
மேசை முழுக்க ஒரே இலை கிடந்ததாம்.
பையன்கள் விளையாடுகிறார்கள் என்று
சத்தம்கூடப் போட்டிருக்கிறார்.

பிறகு எல்லாவற்றின் நடுவும் போயிற்று.
மகள் ஒசிலியாவுக்குக் காதும் கூந்தலும் இருக்கின்றன,
இடையில் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை.
பேருந்து தெரிகிறது, அதன் எண் தெரியவில்லை.
என்னோடு பேசும்போது
என் தோளுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்த்தார்.
அப்படிப் பார்த்தால்தான் நான் தெரிவேனாம்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
படிவம் கேட்கிறது, நான் கேட்கிறேன்.
சர்க்கரைத் தண்ணீர்.
முந்தாநாள்?
சர்க்கரைத் தண்ணீர். ராத்திரி கொஞ்சம் சோறு.
குடிப்பது?
பக்கத்து வீட்டு எவெலியோ குளியலறையில் காய்ச்சுவது.
ரயில் பொறி என்று அதற்குப் பெயர்.
பசியை ஏமாற்றும், டாக்டர்.
நான் டாக்டர் இல்லை என்றேன்.
எனக்கு மட்டும் என்ன, கண்ணா இருக்கிறது என்றார்.

ஊசிமுனையளவு ரத்தம் இயந்திரத்துக்குள் போகிறது.
காகிதத்தில் முள் நடுங்கி எழுகிறது.
சாராயத்தின் பெரிய மேட்டுக்கு முன்னால்
நோஞ்சான் பிள்ளைபோல் ஓடி வருகிறது மெத்தனால்.
உடம்புக்குள் அது எறும்பின் அமிலமாகும்.
அதைக் கழுவிவிட
கீரையில் இருக்கிற ஒரு சத்து வேண்டும்.
கீரையை நான் கடைசியாகப் பார்த்தது
சுவர்க் காலண்டரில்.

அவருடைய அளவு மிகச் சிறியது.
ஒருவரைக் குருடாக்க இது போதாது என்கிறது புத்தகம்.
புத்தகம் எழுதியவர்கள்
காலைச் சாப்பாடு முடித்தவர்களின் ரத்தத்தை அளந்தவர்கள்.

தனி எண் எதையும் சொல்லாது என்றார் டாக்டர் பௌதிலியோ.
பக்கத்தில் வைக்க, கண் நன்றாக இருக்கும் ஒருவர்,
குடிக்காத ஒருவர் வேண்டும்.
மற்றவர்கள் சோயா வந்த வரிசைக்குப் போயிருந்தார்கள்.
ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து
என் கையில் நானே குத்திக்கொண்டேன்.
மிக்தாலியா, முப்பத்து நான்கு, கண் நலம்.
பென்சிலில்.

என் மேடு அவர் மேட்டைவிட உயரம்.

ஊசியைக் கழுவி மறுபடி போட்டேன். அதே உயரம்.
மூன்றாவது தடவை பாதியில் மின்சாரம் போயிற்று.

குடிப்பதில்லையே நான்.
இருட்டில் உட்கார்ந்து யோசித்தபோது
இந்த வாரம் மூன்று ராத்திரி
பம்ப்ளிமாஸ் தோலை ஊறவைத்து, ரொட்டித் தூளில் புரட்டி
மாட்டிறைச்சி என்று சொல்லிப் பொரித்துத் தின்றது
நினைவுக்கு வந்தது.
பழத்தோலின் பசையிலும் கொஞ்சம் உண்டு அந்தச் சனியன்.
அப்படியானால் அவரை எது தின்றது?
அதுவா, அது தின்ன வந்தபோது
தடுக்க உள்ளே யாரும் இல்லாததா?
இரண்டையும் எழுத
படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது.

ஜன்னலோரம் போய்
ரத்தக் குழாயின் சிவப்பு மூடியைத் தூக்கிப் பிடித்தேன்.
இடக்கண்ணை மூடினேன். சிவப்பு.
வலக்கண்ணை மூடினேன். சிவப்பு.
அதே சிவப்பா?
மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில்
இரண்டு கண்ணிலும் நீர் வந்துவிட்டது.
இரண்டு சிவப்புக்கு நடுவே மயிரிழை இருந்தாலும்
சொல்லிவிடக்கூடியவர் ஒருவர் இருந்தார்,
பிப்ரவரி வரை.

என் எண்ணை நலம் என்ற பத்தியிலேயே எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அழித்து
மறுபடி போட்டேன்.
மிதிவண்டியில் விளக்கு இல்லை.
வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும்.